எளியவர் வாகனமும் நாம் செய்யும் மாற்றங்களும்

தலைநகர் தில்லியில் காலை எட்டரை மணி அளவில் நிஜாமுதீன் பாலத்தருகே சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு, கீழே ஓடும் யமுனையைக் காட்டிலும் மேலே ஓடும் வண்டிகளின் வெள்ளமே பெரிது என்று தோன்றும். அவ்வெள்ளத்தில், கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இடையே கிடைத்த சிறு இடுக்கிலும் புகுந்து முன்னேறுபவை சிறிய மோட்டார் சைக்கிள்கள். முன்னே கணவர், பின்னே ஒரு பக்கமாக அமர்ந்த மனைவி, அவர் மடியில் இரண்டு உணவுப் பைகள். இக்காட்சியில் நம் தமிழ்க் குடும்பங்களும் பல உண்டு. 1996-ஆம் ஆண்டு முதல் 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரையில், மயூர் விஹாரிலிருந்து தலைமைச் செயலகப் பகுதிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்று திரும்பியவன் நான். அந்த அனுபவத்தை உரிமையாகக் கொண்டே இவ்வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

எழுதத் தூண்டியவன் என் தமக்கையின் மகன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலை தேடி வந்து, நொய்டாவில் ஒரு தொழிலகத்தில் அமர்ந்து, ஓராண்டுச் சேமிப்பில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் எங்கள் இல்லத்துக்கு வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கரோல்பாக் சந்தையில் செய்துகொள்ள விரும்பும் மாற்றங்களின் பட்டியல் அது. சைலன்ஸரை மாற்றுவது, பின் டயரை அகலமாக்குவது, பின் மட்கார்டை வெட்டுவது, செயின் மூடியை அகற்றுவது, ஹாண்டில்பாரைத் தாழ்த்துவது, கண்ணாடிகளைக் கழற்றுவது, இறுதியாக, சாரி கார்டை எடுத்துவிடுவது.

"இவ்வளவும் எதற்காகத் தம்பி?" என்று கேட்டேன்.

"மாமா, கம்பெனியார் கொடுத்தபடியே ஓட்டினால் தெருவில் ஓடும் ஆயிரம் வண்டிகளில் இதுவும் ஒன்று. இது என் வண்டி என்று தெரிய வேண்டாமா?" என்றான்.

அவன் கேட்டதை நான் நகைத்து ஒதுக்கவில்லை. ஊரை விட்டு வந்த இளைஞனுக்கு இந்நகரில் குடியிருக்கும் அறை வாடகை. படுக்கும் கட்டில் வாடகை. உண்ணும் உணவு விடுதி உணவு. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய்த்த முதற்பொருள் இவ்வண்டியே. அதில் தன் கைச்சாயல் தெரிய வேண்டும் என்று அவன் விழைவது இயல்பு. நானும் அவன் வயதில் அவ்வாறே விழைந்தேன். அதனால் விளைந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சிறிய வண்டி வந்த வரலாறு

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் நெடுங்காலம் பெரிய வண்டி என்றே பொருள். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய என்பீல்டு நிறுவனத்தின் புல்லட் அவ்வகையின் தலைமகன். குமாஸ்தாவின் வருவாய்க்கு அது எட்டாக் கனி. நடுத்தரக் குடும்பத்தார் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, இருவர் அமரக்கூடிய மொபெட் என்பதால் நம் ஊர்ச் சிறு வணிகரும் ஆசிரியரும் அதனை விரும்பி ஏற்றனர். 1984-இல் அதே ஓசூரிலிருந்து ஜப்பானியக் கூட்டுறவில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. மறு ஆண்டு, 1985-இல், தில்லிக்கு அண்மையிலுள்ள தாருஹேராவில் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 பிறந்தது. அதன் 97.2 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் தன்மையால் எளியோர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரும் அவ்வழியில் வந்ததே.

ஸ்கூட்டரை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிய குடும்பங்களில் ஒரு புதிய இடர் தோன்றியது. ஸ்கூட்டரில் பின்சக்கரம் இரும்பு உடலுக்குள் மறைந்திருக்கும். மோட்டார் சைக்கிளிலோ கம்பிகள் நிறைந்த சக்கரம் திறந்த வெளியில் சுழலும். அதற்கு ஓர் அடி அருகே நம் பெண்டிரின் புடவையும் வடநாட்டுப் பெண்டிரின் துப்பட்டாவும் காற்றில் அசையும். ஆகவே ஜப்பானியர் வகுத்த எந்திரத்தோடு இந்நாட்டில் ஓர் உறுப்பு சேர்க்கப்பட்டது. பின்சக்கரத்தின் இடப்புறத்தை மறைக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தையே மக்கள் சாரி கார்டு என்கின்றனர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இதனைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் ஒருவர் அமரும் வண்டிக்கு நிலையான கைப்பிடியும் கால்மிதியும் இருத்தல் வேண்டும். அமர்பவரின் ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் பொருள்.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று

இத்தகைய வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 8 குதிரைத்திறன். எடை 110 கிலோவை ஒட்டியது. இவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு இருவரைச் சுமந்து, சிக்கனமாகவும் ஓட வேண்டுமாயின், ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்புக்கு அளந்து பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஏழைக் குடும்பத்தின் வரவு செலவைப் போன்றது அது. ஓரிடத்தில் மிகுத்தால் பிறிதோரிடத்தில் குறையும்.

சைலன்ஸரை எடுத்துக்கொள்வோம். அது ஓசையை அடக்கும் குழாய் மட்டும் அன்று. எரிந்த புகை எத்துணை விரைவில் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் அளவிடப்பட்டுள்ளன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ற வண்டிகளில், புகையை அளந்து பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நுண்கருவியும், நச்சுப் புகையை மாற்றும் அமைப்பும் அக்குழாய் வழியிலேயே உள்ளன. இதனைக் கழற்றி முழங்கும் குழாய் ஒன்றைப் பொருத்தினால், கிடைப்பது பெரும்பாலும் முழக்கமே, இழப்பது பெட்ரோல். 80-க்கு மேல் 175 சி.சி. வரையிலான வண்டிகளின் ஓசைக்கு 77 டெசிபல் என்று வரம்பும் உண்டு. நம் அடுக்குக் குடியிருப்புகளில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயுற்ற முதியோரும் இருப்பதை நினைப்பவர்க்கு அவ்வரம்பின் நியாயம் விளங்கும்.

அகன்ற டயரின் நிலையும் இதுவே. சி.டி. 100, ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்கு 2.75 அங்குல அகலமும் 18 அங்குல விட்டமும் கொண்ட மெல்லிய டயரே நெடுங்காலம் பொருத்தப்பட்டது. அகன்ற டயரைச் சுழற்ற எஞ்சின் மிகுதியாக உழைக்க வேண்டும். செயினிலோ சட்டத்திலோ உரசவும் கூடும். மட்கார்டை வெட்டினால் மழைக்காலச் சேறு நம் முதுகிலும் பின்வருவோர் முகத்திலும் தெறிக்கும். செயின் மூடியைக் கழற்றினால் தில்லியின் புழுதி முழுவதும் செயினில் படிந்து அதன் ஆயுள் குறையும். தாழ்ந்த ஹாண்டில்பார் பந்தயத்துக்கு ஏற்றது. நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்து செல்பவர்க்கு அது மணிக்கட்டு வலியையும் இடுப்பு வலியையுமே தரும். கூடுதல் விளக்கு மாட்டுவோர், இவ்வண்டிகளில் பலவற்றின் முகப்பு விளக்கு 35 வாட் அளவினது என்பதையும், மின்கம்பிகள் அதற்கு ஏற்பவே அமைந்துள்ளன என்பதையும் மறத்தலாகாது.

இவற்றை எல்லாம் மருமகனிடம் சொன்னேன். பட்டியலில் சிலவற்றை அடித்தான். சாரி கார்டை மட்டும் அடிக்கவில்லை. "அது வெறுங்கம்பிதானே மாமா? எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பு இல்லையே. எடுத்துவிட்டால் வண்டி மெலிந்து அழகாக இருக்கும்" என்றான்.

1998-ஆம் ஆண்டில் நானும் இச்சொற்களையே சொன்னேன்.

தைப்பூச நாள்

அலுவலகத்தில் முன்பணம் பெற்று வாங்கிய புதிய வண்டி அது. லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடிற்று. உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் தம் வண்டியை மெருகேற்றியிருந்ததைக் கண்டு எனக்கும் ஆவல் பிறந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கடைக்குச் சென்று புதிய இருக்கை உறையும் வண்ணக் கோடுகளும் போட்டுக்கொண்டேன். சாரி கார்டைக் கழற்றி அங்கேயே பழைய இரும்புக்கு விட்டுவிட்டேன். அதனைக் கழற்றுமாறு எவரும் என்னிடம் கூறவில்லை, கேட்டவன் நானே.

அவ்வாண்டுத் தைப்பூசத்தன்று விடியற்காலையில் இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் புறப்பட்டோம். மூன்று வயதுப் பெண் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தமையால் அண்டை வீட்டு அம்மையாரிடம் விட்டுச் சென்றோம். பனிமூட்டமும் குளிரும் கடுமையாக இருந்தன. என் மனைவி முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தி, நுனியை மடியில் செருகிக்கொண்டிருந்தாள். ரிங் ரோட்டில் ஆசிரமம் சந்திப்பை நெருங்கும்போது அந்நுனி நழுவிற்று. அதனை நான் அறியேன். பின்னால் ஏதோ இழுப்பது போலிருந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்க்கையில் அவள் சாலையில் கிடந்தாள். பனியின் காரணமாக மெல்லச் சென்றதும், பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்போடு நிறுத்தியதும் உயிரைக் காத்தன. இடது காறை எலும்பு முறிந்தது. தோள் மூட்டும் பழுதுற்றது. சக்கரத்தில் சுற்றியிருந்த புடவையைக் கத்தியால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பின் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே: "அந்தக் கம்பியை எதற்காக எடுத்தீர்கள்?"

பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்று எடுத்தேன் என அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாய் திறவாமல் நின்றேன். மறு வாரம் அதே கடைக்குச் சென்று புதிய சாரி கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். வண்ணக் கோடுகளுக்குக் கொடுத்ததைவிட அதன் விலை குறைவு. அன்று முதல் அவ்வண்டியைக் கழித்துக் கட்டிய நாள் வரையில் அது அதன் இடத்திலேயே இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், மேல் அலமாரியில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க அவள் வலக் கையையே நீட்டுகிறாள். தில்லிக் குளிர் தொடங்கினால் அத்தோள் முதலில் அறிந்துகொள்ளும்.

சட்டம் சொல்வது

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியது. அதே சட்டத்தில் 2019-இல் திருத்தி அமைக்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, விதிக்குப் புறம்பாக மாற்றம் செய்யும் உரிமையாளர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். என் மருமகனின் பட்டியலைக் கணக்கிட்டால் அபராதம் அவன் வண்டி வாங்கிய விலையை நெருங்கிவிடும்!

ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி மட்டும் இதனைச் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

செய்யத் தக்க மாற்றங்கள்

அங்ஙனமாயின் வண்டியில் எதையுமே செய்தல் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், செய்யவும் வேண்டும். மாற்றம் எதுவாயினும், வண்டியில் அமர்வோருக்குப் பயன்படுகிறதா, தெருவில் நின்று பார்ப்போருக்கா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியவை சாரி கார்டு, பின் கைப்பிடி, இருபுறக் கால்மிதிகள், இரு கண்ணாடிகள் ஆகியவை. இல்லையேல் உடனே பொருத்துக. இரண்டாவது, டயர். பின்னால் ஒருவர் அமரும்போது பின் டயருக்குக் காற்று மிகுதியாக வேண்டும். தனியே செல்வதற்கான அளவிலேயே இருவர் செல்வது நம்மவரிடையே காணும் பெரும் பிழை. உரிய அளவு வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். மூன்றாவது, செயின். விரலால் அசைத்தால் ஓர் அங்குல அளவுக்கு மேல் தொய்வு இருத்தலாகாது. மழையில் நனைந்த பின் அதற்கு எண்ணெயிடுதல் நலம்.

நான்காவது, தில்லியின் பருவங்களுக்கு ஏற்ற துணைப் பொருள்கள். குளிர்காலத்தில் ஹாண்டில்பாரின் இரு முனைகளிலும் இந்நகரத்தார் மாட்டும் ரெக்ஸின் உறை கைகளை விறைக்காமல் காக்கும். விறைத்த விரல் பிரேக்கை உடனே பிடிக்காது. பனிமூட்டத்தில் பின்வருவோர்க்கு நம்மைக் காட்டச் சிவப்பு ஒளிபிரதிபலிப்புப் பட்டை ஒன்றைப் பின்புறம் ஒட்டலாம். பின் இருக்கைக்கு அப்பால் சிறு பெட்டி வைப்பதாயின், அதில் இடும் பொருளோடு இருவர் எடையையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாவது, ஹெல்மெட். பின்னால் அமர்பவருக்கும் அது வேண்டும். தில்லியில் 2014-ஆம் ஆண்டில், சீக்கியப் பெண்டிர் நீங்கலாக, ஏனைய பெண்டிர்க்கும் அது கட்டாயமாயிற்று. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவற்றையே விற்க வேண்டும் என்பதும் விதி. சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் வெறும் ஓடு காவல்துறையாரிடமிருந்து நம்மைக் காக்கலாம், கல்லிடமிருந்து காவாது.

ஆறாவதாகவும் ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. ஓட்டுபவரைத் தவிர ஒருவரையே ஏற்றலாம் என்பது சட்டம். இரு குழந்தைகளையும் மனைவியையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மெட்ரோவும் பேருந்தும் உள்ள நகரில் எல்லாப் பயணத்துக்கும் அச்சிறு வண்டியையே நம்ப வேண்டுவதில்லை.

அன்று நான் தைப்பூச நாளின் கதையைச் சொல்லி முடித்தபோது, மருமகன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அத்தையின் தோள்வலியை அவன் அறிவான். அதன் காரணத்தை அறியான். ஊரில் நாங்கள் எவரிடமும் சொல்லியதில்லை. வழுக்கி விழுந்ததாகவே என் தமக்கைக்குக் கடிதம் எழுதினேன்.

"உண்மையா அத்தை?" என்று கேட்டான்.

"உண்மைதான். ஆவணியில் உனக்குத் திருமணம். அவள் உன்னை நம்பித்தானே பின்னால் உட்காருவாள்?" என்றாள் என் மனைவி.

அவன் தாளை எடுத்து இறுதி வரியையும் அடித்தான். மறு ஞாயிறு நானும் அவனோடு கரோல்பாக் சென்றேன். பழைய சாரி கார்டில் இரு கம்பிகள் துருப்பிடித்திருந்தன. புதியது ஒன்றைப் பொருத்தினோம். பின் கைப்பிடியின் தளர்ந்த திருகுகளை இறுக்கினோம். இரண்டு ஹெல்மெட்டுகள் வாங்கினான். வண்டி தன்னுடையது என்று தெரிய வேண்டும் என்ற அவன் விருப்பத்தையும் முற்றும் விட்டுவிடவில்லை. பெட்ரோல் டாங்கின் பக்கத்தில், தன் ஊரின் பெயரைத் தமிழில் சிறிய எழுத்துகளால் எழுதுவித்துக்கொண்டான். அதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.